அவ்வைப் பாட்டியாக மாறிய ஆண்மகன்

சென்னை விமான நிலையத்துக்கு அருகில் இருக்கும் ஊர், பொழிச்சலூர்.

அங்கே அகத்தீசுவரர் கோவில் இருக்கிறது. "வட திருநள்ளாறு" என்று அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. அங்கு இருக்கும் சனீசுவரனைக் கும்பிட, சனிக்கிழமைதோறும் மக்கள் கூடுகிறார்கள்.

பொழிச்சலூருக்குப் பக்கத்து ஊர் பம்மல். அந்தச் சிறிய ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டு சென்றவர், நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார்.

சனீசுவரனுக்கும் பம்மலுக்கும் நாடக உலகில் ஒரு தொடர்பு உண்டு.

சனீசுவரன் வேடம் போட்டு, பார்த்தவர்களை நடுங்க வைத்த ஒரு நாடக ஆசிரியர் இருந்தார். அவரிடமும் பாடம் கேட்டு, பம்மல் சம்பந்த முதலியாரிடமும் பாடம் கேட்ட ஒரு சிறுவன் இருந்தான்.

அந்தச் சிறுவன் வளர்ந்தான். ஒரு நாள் சேலை கட்டினான். நரைத்த முடி வைத்துக்கொண்டான். கையில் கோல் ஊன்றி, முதுகு வளைந்து, தள்ளாடித் தள்ளாடி மேடைக்கு வந்தான்.

அந்தக் கிழவியின் பெயரே அவனுடைய பெயர் ஆகிவிட்டது!

அவர்தான் அவ்வை சண்முகம்.

பெண் வேடக்காரரின் மகன்

சண்முகம் 1912-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ந் தேதி திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தை பெயர் கண்ணுசாமிப் பிள்ளை. தாய் சீதை அம்மாள்.

சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று அண்ணன் தம்பிகள் நான்கு பேர். பிற்காலத்தில் "டி.கே.எஸ். சகோதரர்கள்" என்று நாடு முழுவதும் புகழ் பெற்றவர்கள் இவர்களே.

தந்தை கண்ணுசாமிப் பிள்ளை ஒரு நாடக நடிகர். அவர் போட்டது பெண் வேடம்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான நாடகக் கம்பெனிகளில் பெண்கள் கிடையாது. சீதை, தமயந்தி, சாவித்திரி, வள்ளி எல்லோரும் ஆண்களே. கதாநாயகன் வேடத்துக்கு "ராஜபார்ட்" என்று பெயர். பெண் வேடத்துக்கு "ஸ்திரீபார்ட்" என்று பெயர்.

பெண்கள் மட்டுமே நடத்திய கம்பெனிகளும் சில இருந்தன. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனி அப்படிப்பட்டது. ஆனால், நாடகத்தில் நடிக்கும் பெண்ணைச் சமுதாயம் மதிக்கவில்லை. ஆகவே, குடும்பப் பெண்கள் மேடைக்கு வரவில்லை. அவர்களுக்காக ஆண்கள் சேலை கட்டினார்கள்.

சேலை கட்டிய ஆணுக்கும் மதிப்பு இல்லை. இரவில் சீதையாக வந்தால் சபை கை தட்டும். விடிந்து தெருவில் நடந்தால், கூத்தாடி என்று அதே ஊர் கேலி பேசும். நாடகக்காரருக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதும் கஷ்டம். பெண் கிடைப்பதும் கஷ்டம்.

இப்படிப்பட்ட தொழிலில் இருந்தவரின் மகனாகத்தான் சண்முகம் பிறந்தார்.

ஆறு வயதில் அரிதாரம்

1918-ம் ஆண்டு மதுரையில் ஒரு புதிய நாடகக் கம்பெனி தொடங்கியது. அதன் பெயர் "தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை". பெயர் நீளம், நடிகர்களோ சின்னஞ்சிறு பையன்கள்! இப்படிப்பட்ட கம்பெனிகளை "பாய்ஸ் கம்பெனி" என்று மக்கள் சொன்னார்கள்.

அதன் ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படுகிறவர்.

சுவாமிகள் இளமையில் தாமே நடித்தவர். எமன், இரணியன், சனீசுவரன் போன்ற பயங்கர வேடங்கள் அவருக்குப் பொருந்தும். நளன் கதையில் சனீசுவரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடத்தைக் கழுவ நீர்த்துறைக்குப் போனாராம். கரிய உருவத்தைக் கண்ட ஒரு பெண் அஞ்சி விழுந்து இறந்து போனாளாம். அதன்பிறகு சுவாமிகள் நடிப்பதை விட்டுவிட்டு, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டார் என்று நாடக உலகில் சொல்வார்கள்.

வேடம் என்பது விளையாட்டு அல்ல. அது பார்ப்பவர் மனதுக்குள் போய்விடும் என்பதைத் தம் வாழ்க்கையிலேயே கண்டவர் அவர். அவரிடம்தான் சண்முகம் பாடம் கேட்டார். அப்போது வயது 6!

பாய்ஸ் கம்பெனி என்றால் வீடும் அதுதான், பள்ளிக்கூடமும் அதுதான். பையன்களுக்குச் சாப்பாடு, துணி, இருப்பிடம் எல்லாம் கம்பெனியே கொடுக்கும். பகலில் பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழ்ச் சொல்லை உச்சரிப்பதில் பிழை வந்தால் ஆசிரியர் விடமாட்டார். இரவில் விடிய விடிய நாடகம். தாயின் மடியில் தூங்க வேண்டிய வயதில், படுதாவுக்குப் பின்னால் தூங்கி, தன் காட்சி வந்ததும் எழுந்து நிற்க வேண்டும்.

சண்முகம் முதலில் போட்ட வேடம் நாரதர். "சத்தியவான் சாவித்திரி" நாடகம். சிறுவனின் குரல் நன்றாக இருந்தது. நினைவாற்றல் அதைவிட நன்றாக இருந்தது.

ஒரே இரவில் ஒரு நாடகம்

சுவாமிகள் அதைக் கவனித்தார். இந்தச் சிறுவனுக்கு என்றே ஒரு நாடகம் எழுத வேண்டும் என்று நினைத்தார்.

ஓர் இரவு எழுத உட்கார்ந்தார். விடிவதற்குள் நாடகம் முடிந்துவிட்டது. பாட்டும் வசனமும் சேர்ந்த முழு நாடகம்! அதுதான் "அபிமன்யு சுந்தரி". அபிமன்யு வேடம் சண்முகத்துக்கு.

ஒரே இரவில் இப்படி ஒரு நாடகம் பிறந்த அதிசயத்தைச் சண்முகமே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

சிறிது காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. 1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் அவர் காலமானார். சண்முகத்துக்கு அப்போது 10 வயது. சிறு வயதிலேயே குருவை இழந்தார். ஆனால், அவரிடம் கற்ற பாடத்தை இழக்கவில்லை.

வக்கீல்கள் கட்டிய சேலை

சண்முகத்துக்குக் கிடைத்த இன்னொரு ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார்.

அவர் வேறு வகை மனிதர். ஆங்கிலம் படித்தவர். வக்கீல், பிறகு நீதிபதி. 1891-ம் ஆண்டு சென்னையில் "சுகுண விலாச சபை" என்ற நாடக சபையைத் தொடங்கினார். அங்கே நடித்தவர்கள் கூலிக்கு நடித்தவர்கள் அல்ல. படித்தவர்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். பகலில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போவார்கள். இரவில் நாடகம் நடிப்பார்கள்.

அந்தச் சபையிலும் பெண் வேடம் போட்டவர்கள் ஆண்களே! சம்பந்த முதலியார் கதாநாயகன் என்றால், ரங்கவடிவேலு என்ற இளைஞர் கதாநாயகி. அவர்கள் ஜோடியைப் பார்க்கச் சென்னை மக்கள் ஆவலோடு வந்தார்கள்.

படித்தவர்கள் சேலை கட்டியபோது யாரும் கூத்தாடி என்று சொல்லவில்லை. கலை என்று சொன்னார்கள். ஏழை வீட்டுப் பையன் வயிற்றுப் பிழைப்புக்காக அதே சேலையைக் கட்டினால், கூத்தாடி என்றார்கள். சேலை ஒன்றுதான். கட்டியவரைப் பார்த்து ஊர் பேசியது.

சம்பந்த முதலியாரின் புகழ் பெற்ற நாடகம் "மனோகரா". அதில் மனோகரனாக நடித்துச் சண்முகம் பெயர் வாங்கினார். சுவாமிகளிடம் பாட்டும் பழைய நாடக மரபும் கற்றவர், பம்மலாரின் நாடகத்தில் வசனத்தைப் பேசி நடிக்கும் புது முறையைக் கற்றார். சம்பந்த முதலியார் 1959-ல் "பத்மபூஷண்" பட்டம் பெற்று, 1964-ல் 91-வது வயதில் மறைந்தார்.

குரல் உடையும் வயது

பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு ஒரு பெரிய பயம் உண்டு. அதுதான் மகரக்கட்டு.

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண் பிள்ளைகளின் குரல் உடையும். நேற்று வரை குயில் போலப் பாடியவன், இன்று வாயைத் திறந்தால் தகர டப்பா போல ஒலிக்கும். மீசையும் அரும்பும். அந்த நாளோடு பெண் வேடம் போய்விடும். சிலருக்கு வேலையே போய்விடும். ஊருக்குத் திரும்பினால் படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. சில ஆண்டு காலம் சபையைக் கட்டிப் போட்ட எத்தனையோ சீதைகளும் வள்ளிகளும் இப்படிக் காணாமல் போனார்கள்.

தப்பித்து முன்னேறியவர்களும் உண்டு. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து முதலில் போட்ட வேடம், சீதை! "திருவிளையாடல்" எடுத்த டைரக்டர் ஏ. பி. நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பெண் வேடம் போட்டவர்.

சண்முகத்தின் அண்ணன் முத்துசாமியும் பெண் வேடத்தில் பெயர் பெற்றவர். அவர் நாடகமும் எழுதினார். "குமாஸ்தாவின் பெண்" அவர் எழுதிய நாடகம்தான். பெண்ணாக நடித்துப் பழகியவர், ஏழைக் குமாஸ்தா வீட்டுப் பெண்களின் துயரத்தை நாடகமாக எழுதினார்.

சொந்த நாடக சபை

1925-ம் ஆண்டு அண்ணன் தம்பிகள் நால்வரும் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். "மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை" என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். சண்முகம் அப்போது சிறுவன்தான்.

கம்பெனி நடத்துவது என்றால் யானையைக் கட்டித் தீனி போடுவது போல. நடிகர்கள், வாத்தியக்காரர்கள், சமையல்காரர்கள் எல்லோருக்கும் தினமும் சாப்பாடு வேண்டும். படுதாக்களையும் பெட்டிகளையும் ஊர் ஊராக ஏற்றிச் செல்ல வேண்டும். நான்கு நாள் மழை பெய்தால் வசூல் இல்லை, கடன்தான்.

ஆனாலும் சபை நிலைத்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இந்தக் கம்பெனியில்தான் வளர்ந்தார். எஸ். வி. சகஸ்ரநாமம், கே. ஆர். ராமசாமி போன்ற பெரிய நடிகர்களும் இங்கே இருந்தவர்களே.

ஆசிரியர் எம். கந்தசாமி முதலியார், அன்று மக்கள் படித்த நாவல்களை நாடகமாக்கி இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ராஜாவும் ராணியும் வந்த மேடையில், நம் வீட்டு மாமியாரும் மருமகளும் வந்தார்கள்.

நாட்டில் சுதந்திரப் போர் நடந்து கொண்டிருந்தது. வெ. சாமிநாத சர்மா எழுதிய "பாணபுரத்து வீரன்" நாடகத்தை, "தேசபக்தி" என்ற பெயரில் 1931-ம் ஆண்டு சகோதரர்கள் மேடை ஏற்றினார்கள். அதில் காந்தியின் கதையை வில்லுப்பாட்டாகச் சொன்னவர் என். எஸ். கிருஷ்ணன்.

1935-ம் ஆண்டு "மேனகா" நாடகம் சினிமாப்படம் ஆனது. சகோதரர்கள் திரையிலும் தோன்றினார்கள். ஆனால், சண்முகத்தின் மனம் சினிமாவில் ஒட்டவில்லை. மேடைதான் அவருக்கு வீடு.

முப்பது வயதுக் கிழவி

1942-ம் ஆண்டு. சண்முகத்துக்கு வயது 30. நல்ல உடற்கட்டு. கதாநாயகனாக நடித்துப் புகழின் உச்சியில் இருந்தார்.

அந்த நேரத்தில் பி. எதிராஜுலு எழுதிய நாடகம் ஒன்று சபைக்கு வந்தது. அதன் பெயர் "அவ்வையார்".

யார் அவ்வையாராக நடிப்பது?

அப்போது பெண்கள் மேடைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். சினிமாவில் பெண் வேடம் பெண்களுக்கே என்று ஆகிவிட்டது. ஆண்கள் சேலை கட்டும் காலம் மறைந்து கொண்டிருந்தது. கதாநாயகனாகப் புகழ் பெற்ற ஒருவர், இனிமேல் போய்ப் பெண் வேடம் போட்டால் என்ன ஆகும்? சபை சிரித்தால், அதுவரை சேர்த்த பெயரும் அதோடு போய்விடும்.

அந்த வேடத்தைச் சண்முகம் தாமே ஏற்றார்.

அவ்வையின் கதை தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? அரிச்சுவடி படிக்கும் குழந்தைக்கு முதலில் அறிமுகம் ஆகும் புலவர் அவர். இளமையே வேண்டாம் என்று விநாயகரிடம் முதுமையைக் கேட்டு வாங்கியவர். அதியமான் என்ற அரசன், நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவருக்குக் கொடுத்தான். மாடு மேய்க்கும் சிறுவனாக வந்த முருகன், நாவல்பழத்தை வைத்து அவரிடம் விளையாடினான். ராஜ சபையிலும் ஏழையின் குடிசையிலும் ஒன்று போல் பேசிய பாட்டி அவர்.

அந்தப் பாட்டிக்கு ஒவ்வொரு தமிழர் மனதிலும் ஓர் உருவம் உண்டு. நடிகர் அந்த உருவத்தோடு போட்டி போட வேண்டும். சிறிது தவறினாலும் கேலிக்கூத்து ஆகிவிடும்.

நரைத்த தலை, நெற்றியில் திருநீறு, கையில் கோல், உடம்பில் எளிய சேலை. இவ்வளவையும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கஷ்டம் அதற்குமேல்தான்.

முப்பது வயது முதுகை எண்பது வயது முதுகாக வளைக்க வேண்டும். மணிக்கணக்காக அப்படியே நிற்க வேண்டும், நடக்க வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும். ஒரு தடவை மறந்து நிமிர்ந்துவிட்டால் போச்சு! பாட்டி மறைந்து சண்முகம் தெரிந்துவிடுவார். பார்வை மங்கியிருக்க வேண்டும். ஆனால், அறிவு அதில் ஒளிர வேண்டும். கை நடுங்க வேண்டும்; ஆனால், சொல் நடுங்கக் கூடாது. ஏனென்றால், அவ்வை உடம்பால்தான் கிழவி.

குரல்? சிறுவனாக இருந்தபோது பெண் குரல் தானாக வரும். அந்தக் குரல் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால், பாட்டிக்குக் குயில் குரல் தேவை இல்லை. வாழ்ந்து பழுத்த குரல் வேண்டும். அன்பும் கண்டிப்பும் கலந்த குரல் வேண்டும். மகரக்கட்டு உடைந்து பெண் வேடத்தை இழந்த எத்தனையோ பையன்களுக்குக் கிடைக்காத வழி, சண்முகத்துக்கு இந்தப் பாட்டி வேடத்தில் கிடைத்தது. சுவாமிகளிடம் ஆறு வயதில் கற்ற தமிழ் உச்சரிப்பும் இங்கே கை கொடுத்தது. அவ்வையின் பாட்டைச் சொல் சிதையாமல் சொல்ல அந்தப் பயிற்சி வேண்டும்.

அழகிய இளம் பெண்ணாக வேடம் போடுபவர், தாம் ஆண் என்பதை மறைக்க வேண்டும். அவ்வையாக வேடம் போடுபவருக்கு அது மட்டும் போதாது. தம் இளமையை மறைக்க வேண்டும். தம் வலிமையை மறைக்க வேண்டும். கதாநாயகன் என்ற பெருமையையும் மறைக்க வேண்டும்.

சண்முகம் மறைத்தார். மேடையில் அவ்வை மட்டுமே நின்றாள்.

நாடகம் பெரிய வெற்றி பெற்றது. பல ஊர்களில், பல ஆண்டுகள் நடந்தது. டி. கே. சண்முகம் என்றால் யார் என்று கேட்டவர்கள்கூட, அவ்வை சண்முகம் என்றால் புரிந்துகொண்டார்கள். அந்த வேடத்தின் பெயர் அவர் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசி வரை அது இறங்கவே இல்லை.

மற்ற நாடுகளில்

ஆண்கள் பெண் வேடம் போடுவது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல.

இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் காலத்தில் ஜூலியட்டாக நடித்தவர்கள் சிறுவர்களே. 1660-ம் ஆண்டுக்குப் பிறகுதான் அங்கே பெண்கள் மேடை ஏறினார்கள். ஜப்பானில் 1629-ம் ஆண்டு பெண்கள் நடிக்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. அதனால் "கபுகி" நாடகத்தில் ஆண்களே பெண் வேடம் போட்டார்கள். அந்தக் கலை இன்றும் இருக்கிறது.

மராட்டிய நாட்டில் பால கந்தர்வர் (1888-1967) பெண் வேடத்தில் பெரும் புகழ் பெற்றார். மேடையில் அவர் சேலை கட்டும் அழகைப் பார்த்து, பணக்கார வீட்டுப் பெண்கள் அதேபோல் கட்டிக்கொண்டார்களாம்!

இங்கிலாந்தில் கிழவி வேடம் போடும் ஆண்களும் உண்டு. கிறிஸ்துமஸ் காலத்தில் குழந்தைகளுக்காக நடக்கும் நாடகங்களில், வயதான அம்மாவாக ஓர் ஆண் நடிகர் வருவார். டான் லீனோ (1860-1904) என்ற நடிகர் அதில் மிகவும் பெயர் பெற்றவர். அவரைக் கண்டால் லண்டன் குழந்தைகள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

அங்கே கிழவி வந்தால் சபை சிரிக்கும். இங்கே சண்முகத்தின் கிழவி வந்தபோது சபை பக்தியோடு பார்த்தது. இரண்டும் கஷ்டமான கலைதான். சிரிக்க வைப்பதும் எளிது அல்ல. சிரிக்காமல் வைப்பதும் எளிது அல்ல.

இரண்டு அவ்வைகள்

1953-ம் ஆண்டு ஜெமினி நிறுவனம் "அவ்வையார்" படத்தை வெளியிட்டது. அதில் அவ்வையாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள்.

மேடை தூரத்தில் இருக்கிறது. அங்கே ஆண் பாட்டியாகலாம். சினிமாக் காமிரா முகத்துக்கு அருகில் வந்துவிடும். அதற்குப் பெண்ணே தேவைப்பட்டாள். சுந்தராம்பாளின் கணீர் என்ற குரல், தமிழ்நாட்டை அவ்வையிடம் கொண்டு போய்ச் சேர்த்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே சுந்தராம்பாள் 1935-ம் ஆண்டு "நந்தனார்" படத்தில் ஆண் வேடம் போட்டவர். நந்தனாராக நடிக்க அவருக்குக் கிடைத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் நாடே மூக்கில் விரல் வைத்த தொகை!

ஆண் வேடம் போட்ட பெண் ஒருவர். பெண் வேடம் போட்ட ஆண் ஒருவர். இருவரும் தமிழர்களுக்கு அவ்வை ஆனார்கள். பிறகு "திருவிளையாடல்" (1965), "கந்தன் கருணை" (1967) படங்களில் சுந்தராம்பாளை மறுபடியும் அவ்வையாக்கியவர், சண்முகத்தின் குழுவில் பெண் வேடம் போட்ட அதே ஏ. பி. நாகராஜன்தான்.

நாடகக்காரருக்கு மரியாதை

சண்முகம் தம் புகழோடு நிற்கவில்லை. நாடகத் தொழிலுக்கே மரியாதை கிடைக்க வேண்டும் என்று பாடுபட்டார்.

1944-ம் ஆண்டு ஈரோட்டில் தமிழ் நாடகக் கலை மாநாடு நடக்க முன்னின்று உழைத்தவர் அவர். கூத்தாடிகள் என்று ஒதுக்கப்பட்டவர்கள், அறிஞர்களோடு ஒரே பந்தலில் உட்கார்ந்து பேசினார்கள்.

பழைய கதைகளோடு புதிய எழுத்தாளர்களின் நாடகங்களையும் அவர் சபை நடத்தியது. அரு. ராமநாதனின் "ராஜராஜ சோழன்" நாடகத்தைக் கோட்டை, கொத்தளங்களோடு பிரமாண்டமாக மேடை ஏற்றியது.

சினிமாவில் அவர் போட்ட வேடங்கள் குறைவு. அதில் மறக்க முடியாதது, "கப்பலோட்டிய தமிழன்" (1961) படத்தில் ஏற்ற சுப்பிரமணிய சிவா வேடம். சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, உடல் சிதைந்த தேசபக்தர் சிவா. அங்கும் சண்முகம் தம் அழகைப் பெரிதாக நினைக்கவில்லை.

குரு சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி "தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்" என்ற நூலை எழுதினார். தம் வரலாற்றை "எனது நாடக வாழ்க்கை" என்ற பெயரில் எழுதினார். அது அவருடைய கதை மட்டும் அல்ல. பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்து, பெயர் இல்லாமல் மறைந்து போன பல பேருடைய கதையும் அதில் இருக்கிறது.

சங்கீத நாடக அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. 1971-ம் ஆண்டு இந்திய அரசு "பத்மஸ்ரீ" பட்டம் அளித்தது. பெண் வேடம் போட்டதற்காக ஊர் கேலி பேசிய தொழிலில் இருந்த கண்ணுசாமிப் பிள்ளையின் மகனை, நாடே கூப்பிட்டுக் கௌரவித்தது.

சாலையில் ஒரு பெயர்

1973-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சண்முகம் காலமானார். வயது 60. எண்பது வயதுப் பாட்டியாக மேடையில் வாழ்ந்தவருக்கு, அந்த முதுமை நிஜத்தில் வரவில்லை.

அடுத்த மாதம் 31-ந் தேதி "ராஜராஜ சோழன்" படம் வெளிவந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அவர் சபை மேடை ஏற்றிய நாடகம்தான் அது. படமாக்கியவர் ஏ. பி. நாகராஜன். ராஜராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். டைரக்டர், கதாநாயகன் இருவருமே சிறு வயதில் மேடையில் பெண் வேடம் போட்டவர்கள்!

சென்னையில் லாயிட்ஸ் ரோடு என்று இருந்த சாலைக்கு, "அவ்வை சண்முகம் சாலை" என்று பெயர் சூட்டப்பட்டது.

சண்முகத்தின் நாடகக் குழுவில் சிறுவனாகப் பயிற்சி பெற்றவர்களில் கமல்ஹாசனும் ஒருவர். 1996-ம் ஆண்டு அவர் ஒரு படத்தில் மாமி வேடம் போட்டார். தன் குழந்தையைப் பார்ப்பதற்காகத் தந்தை ஒருவன் வயதான பெண்ணாக மாறும் கதை. அந்தப் படத்துக்கு வைத்த பெயர், "அவ்வை சண்முகி". தமிழ்நாடு வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதர் இருந்தார் என்பது, படம் பார்த்துச் சிரித்த குழந்தைகள் பல பேருக்குத் தெரியாது.

இன்று அந்தச் சாலையில் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். சாலையின் பெயரில் ஒரு பெண்ணின் பெயரும் ஓர் ஆணின் பெயரும் சேர்ந்து இருக்கின்றன. பிள்ளைகள் யாராவது அதற்குக் காரணம் கேட்டால், பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லலாம்.

தந்தை சேலை கட்டியதை ஊர் கேலி செய்தது. மகன் அதே சேலையைக் கட்டினார். ஊர் எழுந்து நின்று கும்பிட்டது.